பெண் பிள்ளைகளின் பெரும்பாடு

(நவராத்திரி விழாவின் நான்காம் நாள் மாலை, ஆலய மண்டபத்தில் மாதர் பிரிவினர் நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் எனக்குக் கொடுக்கப்படும் தலைப்பு 'நவராத்திரியின் தத்துவம்' என்றோ 'பிள்ளை வளர்ப்பில் பெற்றோரின் பங்கு' என்றோ இருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் பேசிப் பழகிய வாய். அரை மணி நேரம் பேசிவிட்டு இறங்கிவிடுவேன். இவ்வாண்டு தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். மாதவிடாயின்போது அளவுக்கு மீறி உதிரம் போகும் பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று செயற்குழுக் கூட்டத்தில் சொன்னதும், ஓர் அன்பர், "டீச்சர், கோயில்ல இதெல்லாம் பேசலாமா?" என்று தயங்கிக் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. நாம் வளர்ந்த முறை அப்படி.

அவருக்கு நான் இரண்டு கோயில்களைச் சொன்னேன். அஸ்ஸாம் மாநிலத்தில் உள்ள காமாக்யா தேவி ஆலயத்தில், ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் அம்புவாசி என்னும் விழா வரும். அம்மைக்கு அது மாதவிடாய்க் காலம் என்று மூன்று நாட்கள் நடை சாத்தியிருக்கும். மீண்டும் திறக்கும் நாளில் தரிசனத்துக்கு இலட்சக்கணக்கானோர் காத்திருப்பார்கள். கேரளத்தில் செங்கன்னூர் மகாதேவர் ஆலயத்திலும் பகவதிக்கு இந்த வழக்கம் உண்டு. அங்கே அதற்குத் 'திருப்பூத்து' என்று பெயர். நாட்கள் முடிந்ததும் அம்மையை ஆற்றுக்கு எழுந்தருளச் செய்து நீராட்டுவார்கள். அம்பாளுக்கு நடப்பதைக் கோயிலே விழாவாக எடுக்கும்போது நாம் பேசக் கூடாதா என்றேன். அன்பர் சிரித்துவிட்டு, "சரி டீச்சர், அரை மணி நேரம்தான்" என்றார். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் சமூகத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் முதலில் தாய்மாமனுக்குத் தகவல் போகும். மண்டபம் எடுத்து, அழைப்பிதழ் அடித்து, ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டு, மஞ்சள் நீராட்டி ஊரறியச் செய்கிறோம். ஊருக்கே சொன்ன அந்த விஷயத்தை அடுத்த மாதத்திலிருந்து வீட்டில் தகப்பனுக்குக்கூடத் தெரியாமல் மறைக்கிறோம். முதல் மாதத்தை நிழற்படம் எடுத்து ஆல்பம் போட்டு வைத்திருக்கிறோம். மூன்றாவது மாதம் எத்தனை நாள் போயிற்று, எவ்வளவு போயிற்று என்று கேட்பாரில்லை.

இதை மற்றவர்களைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. என் வீட்டில் நடந்தது. என் மகள் வயிற்றுப் பேத்தியின் கதையை உங்களிடம் சொல்லலாமா என்று அவளிடமே அனுமதி கேட்டேன். "பேரைச் சொல்லாதீங்க பாட்டி, மத்ததெல்லாம் சொல்லுங்க" என்றாள்.

பேத்தி ஆறாம் ஆண்டு படிக்கும்போது வயதுக்கு வந்தாள். உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று எல்லாம் முறைப்படி கொடுத்தோம். முதல் மாதம் ஒன்பது நாள். இரண்டாவது மாதம் பதினொரு நாள். இரவில் பாய் நனைந்துவிடுகிறது என்று என் மகள் பழைய சேலையை நான்காக மடித்து, அதன் அடியில் மழைத்தாளையும் விரித்துப் படுக்க வைத்தாள். ஒருநாள் அவள் என்னிடம், "அம்மா, இவ்வளவு போகுதே, டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்று கேட்டாள்.

அதற்கு நான் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன். "நம்ம குடும்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான்மா. எனக்கும் அப்படித்தான், எங்கம்மாவுக்கும் அப்படித்தான். கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

படித்தவள், பயிற்சி பெற்ற ஆசிரியை, நலக்கல்விப் பாடம் நடத்தியவள் சொன்ன பதில் இது.

பேத்தி அந்தச் சமயத்தில் ஐஸ் கட்டி தின்னத் தொடங்கினாள். குளிர்பெட்டியைத் திறப்பாள், ஒரு கட்டியை எடுத்து நறநறவென்று கடிப்பாள். ஒரு நாளைக்கு இரண்டு தட்டு ஐஸ் காலியாகும். பல் கெட்டுவிடும் என்று அதட்டினேன். படிப்பில் நாட்டம் குறைந்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கைப்பேசிதான் காரணம் என்று முடிவு கட்டினோம். பிறகு ஒரு கிளினிக்கில் காட்டினோம். பருவம் எய்திய புதிதில் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நாங்களும் நிம்மதியாகத் திரும்பி வந்தோம். நான் சொன்னதையே டாக்டரும் சொல்லிவிட்டார் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை வேறு.

படிவம் ஒன்றில் சேர்ந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிச் சபைகூடலில் நின்றுகொண்டிருந்தவள் சரிந்து விழுந்தாள். மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 5.9 இருந்தது. அந்த வயதுப் பெண் பிள்ளைக்குப் 12க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதாவது பாதி இரத்தத்தோடு என் பேத்தி பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். அன்று இரவு இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள். அது யார் கொடுத்த இரத்தமோ தெரியாது. நம் ஆலயத்தில் நடக்கும் இரத்த தான முகாமில் வரிசை நீளமாக இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போனவர்களில் நானும் ஒருத்தி. அதன் பிறகு முணுமுணுத்ததில்லை.

மறுநாள் ஓர் இளம் மருத்துவர் வந்தார், மலாய்ப் பெண்மணி. பேத்தியிடம் சில கேள்விகள் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, உங்களுக்குப் பல் பிடுங்கியிருக்கிறார்களா, அப்போது எப்படி இருந்தது என்று விசாரித்தார். நோயாளி கட்டிலில் இருக்கிறாள், இவர் ஏன் கிழவியின் பல்லைக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. 1985இல் கடைவாய்ப் பல் பிடுங்கியபோது இரண்டு நாள் இரத்தம் நிற்காமல், திரும்பவும் போய்த் தையல் போட்டு வந்ததைச் சொன்னேன். அடுத்து என் மகளைக் கேட்டார். பிரசவத்தில் இரத்தம் அதிகம் போனதா? ஆமாம், போயிற்று. சிறு வயதில் மூக்கில் இரத்தம் வருமா? வரும். இடித்துக்கொண்டது நினைவில்லாமலே கைகால்களில் நீலம் பாய்ந்த தழும்பு வருமா? வரும். இதெல்லாம் எங்கள் வீட்டில் சாதாரணம் என்று நாங்கள் இருவரும் மாறி மாறிச் சொன்னோம்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, அந்தச் 'சாதாரணம்'தான் தான் தேடிய பதில் என்றார்.

தாய்மார்களே, நான் இன்று சொல்ல வந்ததே இதுதான். 'நம் குடும்பத்தில் எல்லாருக்கும் அப்படித்தான்' என்பதை நாம் ஆறுதலாகச் சொல்கிறோம். மருத்துவர் காதில் அது எச்சரிக்கையாக விழுகிறது. பாட்டிக்கும் அம்மாவுக்கும் பேத்திக்கும் ஒரே மாதிரி உதிரம் போகிறதென்றால், குடும்பத்தின் இரத்தத்திலேயே ஏதோ ஒரு குறை வழிவழியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

பல நாள் சோதனைக்குப் பிறகு பேத்திக்கு வான் வில்லிபிராண்ட் நோய் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். அது என்ன என்று எனக்கு விளங்க வைப்பதற்குள் மருத்துவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன். இங்கே பூக்கட்டும் சகோதரிகள் இருக்கிறீர்கள், உங்களுக்கு எளிதில் விளங்கும். உடம்பில் எங்காவது காயம் பட்டால், இரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஓடிவந்து காயத்தை அடைக்கும். அவற்றை உதிரிப் பூ என்று வைத்துக்கொள்ளுங்கள். உதிரிப் பூவை அள்ளி வைத்தால் நிற்காது, நார் வேண்டும். நம் இரத்தத்தில் வான் வில்லிபிராண்ட் என்ற ஒரு பொருள், உண்மையிலேயே நார் போல நீண்டு, காயம் பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு, தட்டணுக்களைப் பிடித்துக் கட்டுகிறது. சிலருக்கு இந்த நார் குறைவாக ஊறுகிறது. பெரும்பாலானோருக்கு உள்ள வகை இதுதான். சிலருக்கு நார் இருக்கும், ஆனால் இற்றுப்போனதாக இருக்கும். மிகச் சிலருக்கு அறவே இருக்காது, அது கடுமையான வகை. பூ நிறைய இருந்தும் மாலை கட்ட முடியாத நிலை என்று நினைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். பூவை மட்டும் எண்ணிப் பார்த்தால் நாரின் குறை தெரியாதல்லவா?

வான் வில்லிபிராண்ட் என்பது பின்லாந்து நாட்டு மருத்துவர் ஒருவரின் பெயர். 1924ஆம் ஆண்டில், ஆலந்து என்னும் தீவுக் கூட்டத்திலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை அவரிடம் கொண்டுவந்தார்கள். அவளுடைய சகோதரிகள் சிலர் இரத்தம் நிற்காமலே சிறு வயதில் இறந்திருந்தார்கள். அவர் அந்தக் குடும்பத்தின் தலைமுறைகளை விசாரித்து, 66 பேரில் 23 பேருக்கு இந்தக் கோளாறு இருந்ததைக் கண்டு 1926இல் எழுதி வெளியிட்டார். அப்போது நன்கு அறியப்பட்டிருந்த இரத்தம் உறையாத நோய், பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வரும் ஹீமோஃபீலியா. இதுவோ பெண்களுக்கும் வருகிறது, தாய் வழியும் வருகிறது, தந்தை வழியும் வருகிறது. அந்தச் சிறுமி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். 13 வயதில் பூப்பெய்தினாள். நான்காவது மாதவிடாயில் இரத்தம் நிற்காமல் இறந்துபோனாள். என் பேத்தி மயங்கி விழுந்ததும் அதே 13 வயதில். இதை நான் பிற்பாடு படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுப் பூஜை அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இது ஏன் பருவ வயதில் வெளிப்படுகிறது? பிறக்கும்போதே உள்ள குறைதான். ஆனால் சிறு பிள்ளைக்கு அறுவைச் சிகிச்சை நடந்திருக்காது, பல் பிடுங்கியிருக்க மாட்டார்கள், பிரசவம் பார்த்திருக்காது. அவளுடைய இரத்தத்துக்கு வரும் முதல் பெரிய பரீட்சை மாதவிடாய்தான். அந்தப் பரீட்சை மாதந்தோறும் வருகிறது. தவிரவும், பூப்பெய்திய முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் கருமுட்டை ஒழுங்காக வெளிவராத மாதங்கள் பல இருக்கும். அப்போது கருப்பையின் உட்சுவர் தேவைக்கு மேல் தடித்துப் பிறகு தாறுமாறாக உரிந்து வரும். 'வயசானா சரியாயிடும்' என்று பெரியவர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. பல பிள்ளைகளுக்குச் சரியாகியும் விடுகிறது. ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில், மிகுதியான உதிரப்போக்குக்காக மருத்துவரிடம் வரும் பருவப் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இரத்தம் உறைவதில் குறை இருப்பதாகவும், மருத்துவமனையில் சேர்க்கும் நிலைக்கு வந்தவர்களில் அது மூன்றில் ஒருவர் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. ஐந்து பேரில் நால்வருக்கு அந்தக் குறை இருக்காது. ஐந்தாமவள் உங்கள் வீட்டுப் பிள்ளையா என்பதைச் சும்மா காத்திருந்து கண்டுபிடிக்க முடியாது.

எவ்வளவு போனால் அதிகம் என்பது அடுத்த கேள்வி. மருத்துவ நூல்களில் ஒரு மாதவிடாய்க்கு 80 மில்லிலிட்டருக்கு மேல் என்று எழுதியிருக்கிறது, நம் சமையல் கணக்கில் ஐந்து மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதல். யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. ஆகவே வீட்டுக் கணக்கு இது: ஏழு நாளுக்கு மேல் போனால் அதிகம். ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுதாக நனைந்துபோனால் அதிகம். இரண்டு பேட்டைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தால், இரவில் மாற்றுவதற்காகவே எழ வேண்டியிருந்தால், ஐம்பது காசு அளவுக்குக் கட்டிகள் விழுந்தால், அதிகம். நம் பழைய வைத்தியத்தில் இதற்கு வைத்த பெயர் பெரும்பாடு. 'அவள் பெரும்பாடு படுகிறாள்' என்று பேச்சில் எத்தனை சாதாரணமாகச் சொல்கிறோம்! பெயர் வைத்தவர்கள் அதை நோயாகத்தான் கண்டார்கள். இடையில் வந்த நாம்தான் அதைப் பெண்ணின் தலையெழுத்து என்று மாற்றிவிட்டோம்.

ஐஸ் கட்டி விஷயத்துக்கு வருகிறேன். இரும்புச் சத்து வற்றிப் போனவர்களுக்கு ஐஸ், பச்சரிசி, சாக்கட்டி, மண் போன்றவற்றைத் தின்னும் ஆசை வரும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த அடையாளம். சிலர் திருநீற்றையும் அள்ளி வாயில் போட்டுக்கொள்வார்கள். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். ஹீமோகுளோபின் நல்ல அளவில் இருக்கும்போதே உள்ளிருக்கும் இரும்புக் கையிருப்பு தீர்ந்துபோயிருக்கலாம். அதைக் காட்டும் பரிசோதனைக்கு ஃபெரிட்டின் என்று பெயர், கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் மாதம் பத்து நாள் ஓட்டை வழியே போவதை முருங்கைக்கீரை ஈடுகட்டாது. சாப்பாட்டோடு தேநீர் குடிக்கும் நம் பழக்கமும் இரும்பு உடம்பில் சேர விடாமல் தடுக்கிறது.

இங்கே ஓர் உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். 1990களில் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். மாதத்தில் மூன்று நான்கு நாள் வரமாட்டாள். வரும் நாளிலும் கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்து, கூப்பிட்டால் எழுந்து நிற்க மறுப்பாள். 'அடக்கம் போதாது, வருகையில் ஒழுங்கில்லை' என்று அவளுடைய தேர்ச்சி அறிக்கையில் என் கையாலேயே எழுதினேன். வெண்ணிறமும் நீலமும் கலந்த அந்தச் சீருடையில் கறை தெரிந்துவிடும் என்பது ஒரு பெண்ணாகிய எனக்குத் தோன்றவில்லை. இன்று அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஆசிரியைகள் யாராவது இங்கே இருந்தால், வருகைப் பதிவேட்டில் மாதந்தோறும் வரும் அந்த மூன்று நாள் ஓட்டையைக் கவனியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று நம்மவர்களுக்கே உரியது. சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். வான் வில்லிபிராண்ட் மட்டும் அல்ல, இரத்தம் உறைவதைக் கெடுக்கும் குறைகள் வேறும் உண்டு. அவற்றில் ஒன்றை 1918இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் கிளான்ஸ்மன் கண்டு எழுதினார். இதில் தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறையாது, ஆனால் ஒன்றோடொன்று ஒட்டாது. உலகில் அரிதான இந்நோய் கூடுதலாகக் காணப்படும் மக்கள் என்று மருத்துவ நூல்கள் சொல்லும் சிலரில் தென்னிந்திய இந்துக்களும் உண்டு. காரணம், அக்காள் மகளை, மாமன் மகளைக் கட்டும் நம் வழக்கம். தாய், தகப்பன் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறை பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் இந்நோய் வெளிப்படும். சொந்தத்தில் கட்டினால் அப்படிச் சேரும் வாய்ப்பு கூடுகிறது. நார் அறவே இல்லாத கடுமையான வான் வில்லிபிராண்ட் வகையும் இப்படித்தான் வருகிறது. நான் யார் திருமணத்தையும் குறை சொல்லவில்லை, என் பெற்றோரே சொந்தம்தான். சொந்தத்தில் கட்டிய வீடு என்றால் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அதேபோல் ஹீமோஃபீலியா உள்ள ஆண் பிள்ளை பிறந்த வீட்டில், அவனுடைய அக்காள் தங்கைக்கும் உதிரப்போக்கு அதிகமாக இருக்கலாம். 'அது ஆம்பளைப் பிள்ளைங்க நோய்' என்று விட்டுவிடக் கூடாது.

பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. இந்த நாரின் அளவு ஒரே நிலையில் நிற்பதில்லை. பயந்தால் கூடும், ஓடியாடினால் கூடும், கருவுற்றால் கூடும், வயதானால் கூடும். ஓ வகை இரத்தக்காரர்களுக்கு இயல்பிலேயே சற்றுக் குறைவாக இருக்கும். ஊசியைக் கண்டு நடுங்கி அழும் பிள்ளைக்கு அன்று சரியான அளவு காட்டலாம். ஆகவே ஒருமுறை நன்றாக வந்துவிட்டது என்று நிறுத்தாமல், மருத்துவர் மறுபடி வரச் சொன்னால் போக வேண்டும். என் பேத்திக்கு இரண்டாம் முறைதான் தெளிவாகத் தெரிந்தது. என் மகளுக்கும் குறைவு என்று வந்தது. எனக்கு எல்லைக்கோட்டில் வந்தது, அறுபது தாண்டியதால் கூடியிருக்கலாம் என்றார்கள். முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கும், தேவைப்பட்டால் இரத்தவியல் நிபுணருக்கும் கடிதம் கொடுப்பார்கள்.

கருவுற்றால் கூடும் என்றேன். பிள்ளை பிறந்த பிறகு அந்த அளவு மளமளவென்று இறங்கிவிடும். ஆகவே இவர்களுக்குப் பிரசவத்தன்று ஒன்றும் இல்லாமல், நாட்கள் கழித்துத் திடீரென்று உதிரம் போகலாம். என் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, 1960களில் தோட்டத்தில் பிள்ளை பெற்றுப் பன்னிரண்டாம் நாள் இறந்துபோனார். நல்லபடியாகப் பெற்று எழுந்து உட்கார்ந்தவர். தோட்டத்து டிரெசர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். காற்று சேஷ்டை என்றார்கள், தீட்டு வீட்டில் யாரோ வந்து போனதால் என்றார்கள். அவரை இப்போது சோதிக்க முடியாது. ஆனாலும் அந்த மருத்துவர் கேட்ட கேள்விகளுக்குப் பிறகு எனக்குச் சின்னம்மாவின் நினைவு அடிக்கடி வருகிறது.

சிகிச்சை இருக்கிறது. பயப்பட வேண்டாம். டிரனெக்ஸாமிக் அமிலம் என்று ஒரு மாத்திரை, உதிரம் போகும் அந்தச் சில நாட்களில் மட்டும் சாப்பிடுவது. உறைந்த இரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் அது காக்கும். இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த உத்தாக்கோ ஒகாமோத்தோ என்ற பெண் மருத்துவரும் அவருடைய கணவரும், 1962இல் வெளியிட்டார்கள். பிரசவத்தில் இரத்தம் போய்ச் சாகும் தாய்மாரைக் காக்க வேண்டும் என்பதே அந்த அம்மையாரின் நோக்கம். அது அந்தத் தாய்மாரின் உயிரைக் காக்கிறது என்று, சுமார் 20,000 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டில் அவர் காலமாகிவிட்டார்.

அடுத்தது ஹார்மோன் மாத்திரை. இதைக் கேட்டதும் நான் மருத்துவமனை என்றும் பாராமல் சத்தம் போட்டேன். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையா? பொறுமையாக விளக்கினார்கள். கருப்பையின் உட்சுவர் தடிக்காமல் வைப்பதால் உதிரம் குறையும், நிறுத்தினால் பிற்காலத்தில் பிள்ளை பெறத் தடையில்லை என்றார்கள். கட்டாயப்படுத்தவில்லை. உடம்பில் சேமித்துள்ள நாரை வெளியே விடச் செய்யும் மருந்தும் உண்டு. கடுமையான வகைக்கு அந்தப் பொருளையே ஊசி வழியாக ஏற்றுவார்கள். எது யாருக்கு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது.

நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. வயிற்றுவலிக்கு நம் வீடுகளில் போன்ஸ்டான் மாத்திரையை மிட்டாய் மாதிரி எடுத்துக் கொடுக்கிறோம். மற்றப் பெண்களுக்கு அது வலியையும் குறைக்கும், உதிரத்தையும் ஓரளவு குறைக்கும். ஆனால் இரத்தம் உறைவதில் குறை உள்ளவர்களுக்கு அந்த வகை மாத்திரையும் ஆஸ்பிரினும் தட்டணுக்களை மேலும் மந்தப்படுத்திவிடும். நான் என் பேத்திக்கு மாதந்தோறும் இரண்டு வேளை கொடுத்து வந்தேன். இப்போது வீட்டில் பாராசிட்டமால் மட்டும்தான்.

இந்தக் குறை ஆண் பிள்ளைகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் இறங்குகிறது என்பதால், கோயிலைச் சார்ந்த ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட குடும்பத்தில் யாராவது தைப்பூசத்துக்கு அலகு குத்துவதாக நேர்ந்துகொண்டால், முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பால்குடம் எடுத்தாலும் முருகன் ஏற்றுக்கொள்வான். என் பேரன், அவளுடைய தம்பி, பால்குடம்தான் எடுக்கிறான்.

உபயகாரர்களுக்கு ஒரு கோரிக்கை. நம் அறநிலையம் கல்வி உதவி தருகிறது, அன்னதானம் செய்கிறது. நம் ஆலயத்து டியூஷன் வகுப்புக்கு வரும் பெண் பிள்ளைகளுக்காகக் கழிவறைக்குப் பக்கத்தில் ஓர் அலமாரி வைத்து, யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி பேட் வைக்கலாம் என்று செயற்குழுவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நிபுணரைப் பார்க்கத் தூரத்து மருத்துவமனைக்குப் போக வேண்டிய பிள்ளைக்குப் போக்குவரத்துச் செலவு கொடுக்கவும் கேட்டிருக்கிறேன். கிளினிக்கில் ஒரு வெள்ளிதான், ஆனால் பேருந்துக்கும் தாயின் ஒருநாள் சம்பளத்துக்கும் யார் கொடுப்பார்கள்? செயற்குழு இன்னும் முடிவு சொல்லவில்லை. அலமாரியை மட்டும் நான் வாங்கி வைத்துவிட்டேன். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

பேத்தி இப்போது படிவம் நான்கு. பள்ளி வலைப்பந்துக் குழுவில் இருக்கிறாள். பணப்பையில் தன் நோயின் பெயர் எழுதிய அட்டை ஒன்றை வைத்திருக்கிறாள், பல் மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுவாள். ஐஸ் தின்பதை விட்டுவிட்டாள். இரும்புச் சத்து ஏறிய சில வாரங்களில் அந்த ஆசை தானாகப் போய்விட்டது. என்னை மட்டும் விடவில்லை. நான் எதையாவது 'அப்படித்தான்' என்று சொன்னால், "பாட்டி, திரும்பவுமா?" என்று கேட்கிறாள்.

மணியடிக்கப் போகிறார்கள், தீபாராதனைக்கு நேரமாகிவிட்டது. அன்னதானம் முடிந்த பிறகு மண்டபத்தின் இடது ஓரத்தில், அந்த அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மேடையில் எல்லார் முன்னாலும் கேட்கத் தயங்கும் தாய்மார்களும் பிள்ளைகளும் அங்கே வந்து பேசலாம்.